மழைநாள், இரண்டாம் வரைவு

சனிக்கிழமை. ஈசூன்.
சிற்றுண்டிச்சாலை மூடிக் கிடக்கும் பள்ளியில்
மூன்றாம் மாடி வகுப்பறை.
பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து
நான்கு தமிழாசிரியர்கள்
எழுதப் பழகுகிறோம்.

தலைப்பு: மறக்க முடியாத மழைநாள்.
பதினோராண்டாய் நான் கொடுத்துவரும் தலைப்பு.
இருபது நிமிடம் என்று
ஜெசிந்தா கைப்பேசியில் மணி வைத்தாள்.

‘கருமேகங்கள் திரண்டு வானம் இருண்டது’ என்று தொடங்கி
அடித்தேன்.
அது என் வாக்கியமே இல்லை.
இல்லை, என் வாக்கியம்தான்:
வகுப்புச் சுவரில் நான் ஒட்டிய
இனிய தொடர்களில் ஏழாவது.
இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும்
ஆண்டுதோறும் அந்த ஒரே மேகம்தான் பெய்கிறது.

பன்னிரண்டாவது நிமிடத்தில்
வேறொரு மழை வந்தது, நான் கூப்பிடாதது.
போன மார்ச். மேம்பாலத்து இறக்கத்தில் பை பிய்ந்து
கட்டுரைத் தாள்கள் கால்வாயோரம் சரிந்தன.
‘சில தாள்கள் கொஞ்சம் நனைந்தன’ என்று
அவசரமாய் முடித்தேன்.

மசூது சார் படித்துவிட்டு
இரண்டே சொல் சொன்னார்:
விரிவாக எழுதவும்.
ஓரங்களில் நான் எழுதி எழுதித் தேய்த்த
அதே இரண்டு சொல்.
எப்படி, என்று கேட்கத் தோன்றியது.
பிள்ளைகள் ஏன் ஒருநாளும் கேட்டதில்லை?
கேட்டிருப்பார்கள். மணி அடித்திருக்கும்.

ஞாயிறு இரவு, துணி காயப்போட்டபின்
தொடர்ந்து எழுதினேன்:
மூன்று தாள்களில் மை கரைந்து எழுத்தே இல்லை.
முந்தைய தேர்வைப் பார்த்து மதிப்பெண் போட்டேன்.
யாரும் கேட்கவில்லை.

திங்கள். அடித்தல் திருத்தலோடு
தாளைத் திரையில் காட்டினேன்,
கை நடுங்காத மாதிரி.
வகுப்பு வாசித்தது. மின்விசிறி சுற்றியது.

“அதுல என்னோடது இருந்துச்சா டீச்சர்?”
தர்வேஷ்.
இருந்தது.
“நன்றுன்னு போட்டிருந்தீங்க.”
போட்டிருந்தேன்.
“பதினெட்டு.”
ஆமாம்.

எழுந்து வந்தான்.
திருத்தம் எழுத அவர்களுக்கென்று வைத்திருக்கும்
பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றி
திரை முழுக்கத் தெரிய,
‘எழுத்தே இல்லை’ என்பதன் கீழ்
ஒரு கோடு இழுத்தான்.
பக்கத்தில் எழுதினான்:
இருந்தது.

பிறகு இடத்துக்குப் போய்
புதுத் தாள் கேட்டான்.
இரண்டு கொடுத்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு
இன்னொன்று கேட்டான்.