பூச்சிய மணித்தியாலம்

கேள்வியை வாசிக்கலாம், விளக்கக் கூடாது என்று
பீல் நகரத்து இரண்டாம் மாடியில்
மூன்று நாள் பயிற்சி தந்தார்கள்.

மாலை ஆறு பத்து. இருபத்தேழாவது அழைப்பு.
தவபாலன், ஐம்பத்தொன்று, லாங்கன்தாலில் பாண் தொழிற்சாலை.

கடந்த நான்கு கிழமைகளில்
சம்பளம் இல்லாமல், உங்கள் வீட்டாருக்கு அல்லாமல்
எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள்?
"அப்பிடி ஒண்டுமில்லை, தங்கச்சி."

பூச்சியம் அடித்தேன்.
அவருக்குப் பின்னால் சக்கரங்கள் உருளும் ஓசை.

ஏதாவது சங்கத்தில் பொறுப்பு?
"இல்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் திறக்கிறது மட்டும்.
சாவி என்னட்டைத்தானே."
சாவிக்குக் கட்டம் இல்லை.

கேள்வி பதினான்கு: எது தடுக்கிறது?
நேரமா, உடல்நலமா, ஆர்வமின்மையா?
"தீயணைப்புக்கு ஆள் வேணுமெண்டு ஒருக்காக் கடிதம் வந்தது.
எழுதிக் குடுத்தன். பதில் வரேல்லை.
பிறகு ஆரும் கேக்கேல்லை."
'பிற' என்பதில் புள்ளி வைத்தேன்.

"உங்களுக்கு இதுக்குக் காசு தருவினமோ?"
முடிந்த அழைப்புக்கு ஒன்பது பிராங்க்.
"அப்ப முடிப்பம். ஒரு நிமிசம், உள்ளை கூப்பிடினம்,
ஆருமில்லாத மனுசி,
டொக்டர் சொல்லுறதை நான்தான் தமிழில சொல்லவேணும்.
பவுக்‌ஷ்பைஹெல்ட்ரூஸ எண்டா என்ன?"

இதற்குப் பயிற்சியில் விதி இல்லை.
கணையம், என்றேன்.
"கணையம், கணையம்" என்று
பாடமாக்கிக்கொண்டே போனார்.

அழைப்பு முற்றுப்பெறவில்லை என்றது திரை.
கணையத்தில் என்னவென்று கேட்டிருக்கலாம்.
அதற்குள்
இருபத்தெட்டாவது எண் அடிக்கத் தொடங்கியிருந்தது.