மூன்று காசு

மாதக் கடைசியில் மூன்று காசு இடித்தது.

தேக்காவில் பணம் அனுப்பும் கடை.
நாலாயிரத்துச் சொச்சம் ரசீது.
கூட்டிப் பார்த்தால் வெள்ளி சரி,
காசில் மூன்று குறைவு.
"என் பையிலிருந்து போட்டுவிடவா?" என்றேன்.
கணக்காய்வு செய்யும் ஹுய் மின்
கண்ணாடியைக் கழற்றினாள்.
"ஒரு காசு நாணயம் அடிப்பதை நிறுத்தி
எத்தனை வருஷமாச்சு? எதைப் போடுவாய்?"

ஈசூன், பதினோராம் மாடி, இரவு.
மேல்வீட்டில் வழக்கம்போல் யாரோ கோலி உருட்டுகிறார்கள்.
எத்தனை இலக்கமானாலும் ஏந்திக்கொள்ளும்
நூலகம் ஒன்றை இறக்குகிறேன்.
ஒரு சினிமாப் பாட்டைவிடச் சிறியது.
மூட்டையை அவிழ்த்ததும்
அது என் இயந்திரத்தைப் பெண் பார்க்கத் தொடங்கியது:
செயலி உண்டா, ஆம். தொகுப்பி உண்டா, ஆம்.
ஆம் ஆம் ஆம் என்று ஒரு நிமிடம் ஓடி
நின்றது.
எம்-நான்கு இல்லை.

எம்-நான்கு என்றால் என்ன?
நள்ளிரவில் இதை யாரிடம் கேட்பது?
முணுமுணுத்துக்கொண்டே அதையும் நிறுவினேன்.
மறுபடி முதலிலிருந்து ஆம் ஆம் ஆம்.

பிறகு கட்டுமானம். விசிறி இரைந்தது, மடி சுட்டது,
கோப்பி ஓ ஆறிப்போனது.
கையேட்டில் ஒரு வரி மட்டும் அதட்டியது:
சோதிக்காமல் பயன்படுத்தாதே.
சோதித்தேன்.
தேறியது, தேறியது, தேறியது.
பள்ளியில் என் பெயருக்கு எதிரே
இத்தனை முறை வந்ததில்லை இந்தச் சொல்.

முதல் நிரல், ஏழு வரி. விழுந்தது.
எண்ணுக்கு இடம் பிடிக்காமலே எண்ணை எடுத்தேனாம்.
முதலில் இடம், பிறகு எண்,
வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பிக்கொடு.
வாடகை அறையில் இருப்பவனுக்குச் சொல்லவா வேண்டும்,
ஆனாலும் மறந்தேன்.
இரண்டாம் முறை நூலகத்தின் பெயரைக் கட்டளையில்
முன்னால் சொல்லிவிட்டேன். கடைசியில் சொல்ல வேண்டுமாம்.
மூன்றாம் முறை ஓடியது.
இரண்டின் ஆயிரமாவது அடுக்கு என்றேன்.
முந்நூற்றிரண்டு இலக்கம்,
ஒன்றுகூட 'ஏறக்குறைய' இல்லை.
எழுந்து நின்றேன், தனியாக, கைலியோடு.

சரி, காசுக்கு வருவோம்.
பத்துக் காசு. பூஜ்யம் புள்ளி ஒன்று.
நூறு இலக்கத்துக்குக் காட்டு என்றேன்.

0.1000000000000000055511151231257827...

ஐந்தே, நீ எங்கிருந்து முளைத்தாய்?

நூலகத்தின் மேல் தப்பில்லை.
வாசலிலேயே கணினி அந்த எண்ணை
இரண்டிரண்டாக உடைத்து, உடையாத மிச்சத்தை விழுங்கி,
கிட்டத்தட்ட என்றுதான் உள்ளே நீட்டியிருக்கிறது.
நேர்மையான குமாஸ்தா இவன்,
அந்தப் பொய்யை வாங்கி
இம்மி பிசகாமல் எழுதிவைத்திருக்கிறான்.

இம்மி.
அதுவும் ஒரு பின்னம் என்று
அகராதியில் பார்த்தது அன்றைக்குத்தான்.
அதுவரை எனக்கு அது திட்டும்போது வரும் சொல்.

மேற்கோள் குறிக்குள் வைத்துக் கொடுத்தேன்:
"1/10".
எண்ணாக அல்ல, எழுத்தாக.
ஒன்றின் கீழ் பத்து என்று அப்படியே பிடித்துக்கொண்டது.
யாரும் இடையில் மென்று தரவில்லை.

நாலாயிரத்துச் சொச்சத்தையும் மறுபடி ஓட்டினேன்.
மூன்று ரசீதில் கட்டணம்
சரியாக அரைக் காசில் வந்து நின்றிருந்தது.
மேலே ஏறியிருக்க வேண்டும்.
பழைய கணக்கு அரைக்கு ஒரு மயிரிழை கீழே பார்த்து
மூன்றையும் கீழே தள்ளிவிட்டது.
சடகோபன், அறந்தாங்கி.
மொய்தீன் பிச்சை, தொண்டி.
இன்னொருவர் பெயர் ரசீதில் பாதிதான் விழுந்திருக்கிறது.
மூவருக்கும் தெரியாது, ஆளுக்கொரு காசு
கடையிடம் சம்பாதித்தது.

மூன்றேகால் மணிக்கு ஹுய் மின்னுக்கு எழுதினேன்.
காலையில் ஒரே வரி: "சரி, மூடுகிறேன்."
நன்றி இல்லை. அவள் வழக்கம் அது.

நிரலைத் திரும்பப் படித்தபோது
ஒரு எண்ணை விடுவிக்காமல் விட்டிருந்தேன்.
திருத்தக் கை போனது.
மேலே கோலி உருண்டது.
நாளைக்குப் பார்க்கலாம்.