நான்கு கிரெடிட்

பதினொரு மணிக் கூட்டம் பன்னிரண்டே காலுக்குத் தொடங்கியது.
போண்டா ஆறிப்போயிருந்தது.
"மதுவும் போதைப்பொருளும்: ஒரு சமூகப் பார்வை."
முதுகலை இரண்டாம் பருவம், விருப்பப் பாடம்,
நான்கு கிரெடிட், ஐந்து அலகு.

முதல் அலகு வரலாறு. சண்டையே இல்லை.
செத்துப்போனவர்கள் குடித்தது
எப்போதுமே பாடம்தான்.
இரண்டாவது மூளை.
அதற்குப் படம் இருக்கிறது, அம்புக்குறி இருக்கிறது.
மூன்றாவதில் "குடும்பம்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.
பேராசிரியர் சவரிராயலு பேனாவால் தட்டினார்,
"இதில் என்ன நடத்துவீங்க மேடம்?"

ராத்திரி தெருமுனையில் திரும்பும் செருப்புச் சத்தத்தை வைத்தே
இன்றைக்கு எவ்வளவு என்று
சரியாகச் சொல்லிவிடும் எட்டு வயசுப் பிள்ளையை
என்று சொல்ல வாய் வந்தது.
"குடும்ப இயக்கவியல்" என்றேன்.
குறித்துக்கொண்டார்.

நான்காவதில் மாட்டிக்கொண்டோம்.
ரிலாப்ஸுக்குத் தமிழ் வேண்டும்.
மறுவீழ்ச்சி என்றார் ஒருவர்.
மீள்பற்றல் என்றார் மொழியியலிலிருந்து வந்தவர்.
மீள்வதென்றால் திரும்பிப் போவதா, தப்பித்து வருவதா?
இருபது நிமிடம் அதற்கே போயிற்று.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில்
மூச்சுமுட்டி உட்கார்ந்திருந்தோம்.

தட்டச்சு தேசிங்கு
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"வழுக்கல்னு போடுங்க மேடம்.
விழுந்தா ஊரே பார்க்கும்.
வழுக்கறது உள்ளங்காலுக்கு மட்டுந்தான் தெரியும்."

மின்விசிறி சுற்றியது.
எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமலிருக்க
எல்லோரும் ஒரே நேரத்தில் டீயை எடுத்தோம்.
"கலைச்சொல் மாதிரி இல்லையே" என்றார் சவரிராயலு.
மறுவீழ்ச்சி நிறைவேறியது.

அரியர் வைத்தவன் எத்தனை முறையும் எழுதலாம்
என்று விதி போட்டவர்கள் நாம்தான்.
ஏழாம் முறை பாஸானவனுக்கும்
அதே பட்டம், அதே அங்கி, அதே கைதட்டல்.
இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.
பஸ்ஸில்தான் தோன்றியது.

ஐந்தாம் அலகு களப்பணி.
மாணவிகளை எங்கே அனுப்புவது,
யார் கையெழுத்துப் போடுவது,
அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.
நான் கடலூர்க்காரி.
முள்ளோடை வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.
காலையில் வெறுமனே இறங்கும் ஆட்கள்
சாயங்காலம் ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள்.
எதற்கு என்று கண்டக்டருக்குத் தெரியும்.
போன வியாழன் அந்தக் கடைப் படியில்
கடைசி பெஞ்சு இளவழுதி நின்றிருந்தான்.
பஸ் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு
பழக்கத்தில் "குட் ஈவ்னிங் மேம்" என்றான்.
பழக்கத்தில் நானும் சொன்னேன்.
மறுநாள் வருகைப் பதிவில்
அவன் பெயரைக் கொஞ்சம் சத்தமாக வாசித்துவிட்டேன்.

ரெட்டிச்சாவடி தாண்டி வரைவைப் பிரித்தேன்.
நான்காம் அலகில் மறுவீழ்ச்சி இருந்தது.
அதற்குக் கீழே, சின்ன எழுத்தில்,
யாரும் போடச் சொல்லாத வழுக்கல்.
அடிக்கப் பேனாவைத் திறந்தேன்.
பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியது.
மூடி வைத்தேன்.
குலுக்கலால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில்
எல்லாப் பையையும் திறக்கச் சொன்னார்கள்.
பெண் காவலர் என் காகிதங்களுக்கு நடுவே கைவிட்டுத் துழாவினாள்.
"என்ன இது?"
"பாடம்."
தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி,
மூக்கருகே கொண்டுபோனாள்.
தண்ணீர்தான்.
மூடப் போனவள்
கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தாள்.

முதல் முறை அரசாங்கத்துக்கு.
இரண்டாவதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.
அது எந்த வீட்டில், எந்த வயதில் வருமென்று
எனக்குத் தெரியும்.
மூன்றாம் அலகு.