ஆள் இல்லாத படம்

மூன்று ரயில், பிறகு ஞாயிறன்று இரண்டே நடை ஓடும் பேருந்து.
கடைசி நிறுத்தத்தில் இறங்கியது நான் ஒருத்திதான்.
ஹார்ட்ஸ் மலையடிவாரம். ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை.
கடைப்பெண் காகிதப்பையை மடித்தபடி
என் முக்காலியைப் பார்த்தாள். "பறவைகளா?"
"தீயணைப்பு வண்டி" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்காகவே இன்னொரு ரொட்டி வாங்கினேன்.

பிரவுன்ஷ்வைக்கில், வரிக்கணக்கு பார்க்கும் என் அலுவலகத்தில்
சிரிப்பார்கள். கோட்டைகளை எடுக்கலாமே என்பார்கள்.
கூப்பிட்டவுடன் ஓடி வருகிற கோட்டை
ஒன்று இருந்தால் சொல்லுங்கள், எடுக்கிறேன்.

இதுவரை இருநூற்றுப் பதின்மூன்று வண்டிகள்.
லூபெக்கில் குடைக்குள் நின்று ஒன்று.
ஸ்வெரினில் ஏணியை முழுக்க நீட்டச் சொல்லிக் கெஞ்சி
கழுத்து பிடித்துக்கொண்ட நாளில் ஒன்று.
எனக்கொரு சட்டம் உண்டு: படத்தில் ஆள் கூடாது.
கண்ணாடியில் என் நிழல்கூட விழக் கூடாது.
கதவு மூடி, சக்கரம் நேராக, சூரியன் என் முதுகில்.

படைத்தலைவர் ஹார்ட்மூட் சாவியோடு நின்றார்,
காலில் பச்சைத் தோட்டச் செருப்பு.
நேற்றே கழுவியாயிற்றாம். துடைத்தது
மனைவியின் தலைதுவட்டும் துண்டால்;
அவளிடம் சொல்ல வேண்டாம் என்றார்.
எண்பத்துமூன்றில் செய்த மெர்சிடிஸ். உருண்ட குட்டைமூக்கு,
சளி பிடித்த குழந்தையின் முகம்.
வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மண்டியிட்டேன்.
குறுக்கே ஒரு மேகம். "பொறுங்கள்" என்றேன்.
பொறுத்தோம், இரண்டு பேரும் ஒரு வண்டியும்.

அவர் இடுப்பில் ஏதோ கூவியது.
கூரைமேல் சைரன் முனகித் தொடங்கி
ஊரையே எழுப்பி நிறுத்தியது.
முக்காலியை வாரிக்கொண்டு சுவரோடு சுவரானேன்.

சந்துக்கு ஒருவராக வந்தார்கள்.
சைக்கிளை விழவிட்டு ஒருவன்.
பாதி மழித்த கன்னத்தோடு ஒருவன்.
முழங்கை வரை மாவோடு ரொட்டிக்கடைப் பெண்;
ஓட்டுநர் அவள்தான்.
ஏறிக்கொண்டே என்னிடம் கத்தினாள்:
"கதவைப் பார்த்துக்கொள்!"
மேகம் அப்போதுதான் விலகித் தொலைத்தது.
அத்தனை நல்ல வெளிச்சத்தில்
இருநூற்றுப் பதினான்காவது வண்டி வளைவில் மறைந்தது.
விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை.

யாரென்றே தெரியாதவளிடம்
ஒரு நிலையத்தையே விட்டுப் போயிருந்தார்கள்.
உள்ளே, மாட்டுக்கொக்கிகள் காலி.
கீழே சிமெண்ட் தரையில் செருப்புகள்:
பச்சை ஜோடியில் ஒன்று குப்புற.
தேவாலயத்துக்குப் போட்ட கறுப்பு ஷூ,
நாடாவை அவிழ்க்காமலே உதறியது.
வெள்ளைக் கட்டைச் செருப்பு, அதைச் சுற்றி
மாவில் ஒரு சின்ன வட்டம்.
எல்லா நுனியும் சுவரைப் பார்த்தபடி.

மண்டியிட்டேன்.
இம்முறை மேகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பேருந்து வந்தது, கொஞ்சம் நின்றது, போனது.
நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரொட்டி இரண்டும் தீர்ந்தன.

இரண்டரை மணிநேரம் கழித்து, மூக்கெல்லாம் சேறாக வண்டி.
வைக்கோல் கொட்டகையாம். கன்றுகள் ஒன்பதும் பிழைத்தன,
கொட்டகை இல்லை.
புகை நாற்றத்தோடு இறங்கியவர்கள்
பேசாமல் அவரவர் செருப்பில் கால் நுழைத்தார்கள்.
குப்புறக் கிடந்ததை ஹார்ட்மூட் கால்விரலால் புரட்டினார்.
சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கழுவட்டுமா? இன்னும் வெளிச்சம் இருக்கிறது."
வேண்டாம் என்றேன்.

ரயிலடிவரை ரொட்டிக்கடைப் பெண் கொண்டுவந்து விட்டாள்.
பெயர் ஸ்வந்தியே. கியர்க் குமிழில் மாவு.
நான்கு மணிக்கு எழ வேண்டும் என்றாள், அவ்வளவுதான்.

வீட்டில் குறிப்பேட்டைத் திறந்து எண் போட்டேன்.
தயாரிப்பு, ஆண்டு, ஊர், எல்லாம் நிரப்பினேன்.
'குறிப்பு' என்ற கட்டத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்து
எழுதினேன்:
வண்டி வெளியே போயிருந்தது.