கனமில்லாத கல்

மொட்டை மாடியில் ஒற்றை அறை,
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.
சாவி தரும்போதே பத்மாவதியம்மா சொல்லிவிட்டார்:
மேலே பாரம் ஏத்தக் கூடாது,
தளம் ஏற்கெனவே ஒழுகுது.

கிருஷ்ணகிரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்.
மாதேஷ் பகலெல்லாம் பட்டறையில்
கருங்கல்லுக்கு முகம் தெரியப் பளபளப்பு ஏற்றிவிட்டு
இமைமுடி வெளுத்து வருவான்.
அவனிடம் போய்
ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி
ஒரு கல்தொட்டி வேணும் என்றேன்.
சிரித்தான்.

பெர்லைட், ஓசூர் ரோஜாக் கூடாரத்தில் கழித்த அரைமூட்டை,
ஊதினால் பறக்கும் பொரி.
நார்த்துகள் காவேரிப்பட்டணத்து மில்லில் சும்மா கிடைத்தது.
சிமெண்டுக்கு மட்டும் காசு.
அது ஒரு மக்கு என்றால் மற்றவை ஒன்றரை, ஒன்றரை.
கையுறை ஒரு ஜோடிதான்.
ஆளுக்கு ஒன்று மாட்டி
மறுகையில் பால் கவரைக் கட்டிக்கொண்டு பிசைந்தோம்.
பிடித்தால் கொழுக்கட்டை,
பிழிந்தால் இரண்டே சொட்டு, அதுதான் பதம்.
மூன்றாவது சொட்டு விழுந்தால்
இன்னொரு பிடி துகள் போடுவான்.

பெயிண்ட் டப்பாவின் உட்சுவரில் அப்பி
ஈரச் சாக்கு சுற்றி மூலையில் வைத்தோம்.
நடுராத்திரி எழுந்து தொட்டேன்.
காய்ச்சல்காரப் பிள்ளை நெற்றி.

அவசரத்தில் நட்ட முதல் பத்துமணிப் பூச்செடி
நாலே நாளில் கருகியது.
காரம் இன்னும் இறங்கல, என்றான் மாதேஷ்,
சிமெண்டுக்குள்ள சுண்ணாம்பு இருக்குல்ல.

அன்றிலிருந்து ராத்திரி தண்ணீர் நிரப்பி
விடிந்ததும் அதில் ஒரு சிட்டிகை மஞ்சள்.
சிவந்தால் காரம்.

சிவந்தது.

தொட்டியை ஏந்தியபடி நின்றுவிட்டேன்.
பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு
பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் ஏறி
நாங்கள் வந்திறங்கிய அன்று
எந்த வாசலிலும் யாரும்
எங்களுக்காகக் கரைத்து வைத்திராத நிறம்.

சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை.
படித்தலைப்பில் ஊற்றினேன்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.
பத்தாவது நாளோ என்னவோ,
கீழ்ப்படிவரை வழிந்ததைப் பார்த்துவிட்டு
யாருக்கும்மா தினம் ஆரத்தி, என்றார் பத்மாவதியம்மா.
தொட்டிக்கு, என்றேன்.
நம்பினாரா தெரியவில்லை. திட்டவுமில்லை.

பதினெட்டாம் நாள் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.
இனி நடலாம்.
ஆனாலும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பத்துமணிப் பூ விரிகிற நேரத்தில்
மாதேஷ் எப்போதும் கல்லோடு இருப்பான்.
ஞாயிற்றுக்கிழமை பார்த்தான்.
கூட்டி முடிக்கட்டும் என்று
ஒற்றைக் கையால் தொட்டியைத் தூக்கி
நான் பெருக்கும் வரை
இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான்.