சேதாரம்

ஊபியில் ஐந்தாம் மாடி. கீழே
கார் பட்டறைத் தகரங்களில் மழை.
என் திரையில் பன்னிரண்டு மாடிகள்
கூரை போட்டு, பெயின்ட் அடித்து, விளக்கெரிய நிற்கின்றன.
தெங்காவில் இன்னும் ஆறுதான் எழும்பியிருக்கிறது.

கேட்டால் சொல்லிவிடும்.
முந்நூறு மில்லிமீட்டர் கேபிள் தட்டு எத்தனை மீட்டர்?
நானூற்றுப் பன்னிரண்டு புள்ளி ஆறு.
இருபது மில்லிமீட்டர் குழாய்? சொல்லும்.
முழங்கை வளைவு, சந்திப்புப் பெட்டி, பிளக் பாயின்ட்,
குளியலறைக்கு வெளியே ஹீட்டர் சுவிட்ச்,
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
பள்ளிப் பிள்ளைகள் போல வரிசைக்கு வரும்.

ஒயரைக் கூப்பிட்டேன்.
வரவில்லை.
இருக்கிறதே, விளக்குக்கு விளக்கு
புருவம் மாதிரி வளைந்து, என் கண் முன்னால்?
அது பார்வைக்குப் போட்ட கோடாம்.
நீளம் என்ற கட்டத்தில்
ஒன்றுமில்லை, சுழியம்கூட இல்லை.

சுற்றி வளைத்துப் பிடித்தேன்.
டி.பி. பெட்டியிலிருந்து கடைசி விளக்குவரை
பாதையின் நீளத்தை வாங்கி
மூன்றால் பெருக்கினேன்:
பழுப்பு, நீலம், பச்சையில் ஓடும் மஞ்சள்.
அட்டவணை நிறைந்தது. அனுப்பினேன்.
பூன் ஹெங் கட்டைவிரல் உயர்த்தினார்.

மூன்று வாரம் கழித்துப் பால்வண்ணன் போன்.
பின்னால் ட்ரில் சத்தம்.
"மேடம், ரெண்டாம் மாடியில எந்த வீட்டுக்கும் ஒயர் பத்தல.
உங்க கரண்டு கூரையிலேயே நடக்குது.
சுவிட்சுக்கு எறங்க வேணாமா?"

வெட்டுத் தோற்றத்தைத் திறந்தேன். வேணும்.
விளக்கை எண்ணிய பாதை
சுவிட்சை எண்ணவில்லை.
போட்டு அணைக்கிற கை
அதன் கணக்கில் எங்கும் வரவில்லை.
இறங்க ஒன்றரை மீட்டர், ஏற ஒன்றரை மீட்டர்,
வீட்டுக்குப் பதினொரு சுவிட்ச்,
மாடிக்கு எட்டு வீடு. காபி ஆறிப்போனது.

திருத்திக்கொண்டிருக்கையில் மஞ்சள் பெட்டி ஒன்று எட்டிப் பார்த்தது:
ஒரே இடத்தில் ஒரே மாதிரி இரண்டு பொருள்கள்.
எண்ணிக்கை இரட்டிக்கலாம்.
பதினான்கு இடங்களில்.
யாரோ நகலெடுத்து மேலேயே ஒட்டியிருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான்.
ஒவ்வொன்றாகத் தேர்ந்தேன், அழித்தேன்.
ஒன்பதாவதில் விரல் நின்றது.

செங்காங்கில் எங்கள் அறையில்
கட்டில் ஒன்று, வாடகை இரண்டு.
மரிவிக்குக்கு இரவு வார்டு.
நான் கதவைத் திறக்கும்போது
அவள் வெள்ளைக் காலணியின் நாடாவை இழுத்துக் கட்டுவாள்.
தலையணையில் அவள் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும்.
காலையில் என்னுடையது அவளுக்கு.
எங்கள் இருவரில் யாரை அழித்தால்
எண்ணிக்கை சரியாகும்?

அழித்தேன். அது சும்மா பிளக் பாயின்ட்.

மாலையில் பூன் ஹெங்: "வேஸ்டேஜ் எத்தனை போட்டாய்?"
போன வருஷம் சிராங்கூன் சாலையில்
தங்கைக்குத் தோடு வாங்கினேன், நாலு கிராம்.
செய்கூலி ஒரு வரி. சேதாரம் ஒரு வரி.
சேதமான தங்கம் எங்கே போகும் என்று கேட்டேன்.
கடைக்காரர் சிரித்து, கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.

எட்டு என்று அடித்தேன்.
ட்ரில் சத்தம் காதில் வந்தது. பத்து.

தளத்துக்கு ஒருமுறை போனபோது பார்த்தேன்,
பெயின்ட் வாளி நிறைய வெட்டுத் துண்டுகள்,
விரல் நீளம், அரை விரல் நீளம்.
பால்வண்ணன் பார்க்காத நேரத்தில் ஒன்றை எடுத்தேன்.
பழுப்பு. பதினொரு சென்டிமீட்டர், அளந்தேன்.
அது இப்போது என் சாவியில் முறுக்கியிருக்கிறது,
மரிவிக்கின் சாவி எது, என்னுடையது எது என்று
இருட்டில் தெரிவதற்கு.