குழலின் அடிவயிறு

மார்த்தாண்டத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில்
பத்தொன்பது வருடமாக நகை உரசுகிறேன்.
கல்லில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம்.
நின்றால் கடன், கரைந்தால் சண்டை.
முத்திரையை நம்பாதே என்று யாரும் சொல்லித்தரவில்லை;
முதல் மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள்,
அப்படித் தெரிந்தது.

இவ்வளவு தெரிந்தவள்தான்
பொன்மனைக்கு மேலே ரப்பர் தோட்டத்து பங்களாவில்
லாசர் எட்வின் துணி விலக்கிக் காட்டிய
இரட்டைக்குழலின் முதுகைப் படித்து மயங்கி நின்றேன்:
ஹார்காட் அண்ட் சன், லண்டன்.
எழுத்தைச் சுற்றிக் கொடி, கொடி நுனியில் ஒரு காடை.
"சாயிப்பு போவும்ப விட்டுட்டுப் போனது" என்றார்.
எந்தச் சாயிப்பு என்று நான் கேட்கவில்லை.

உரிமத்துக்காக நாகர்கோவிலுக்குப் பதினொரு நடை.
பயிரைக் காக்கவா, உயிரைக் காக்கவா
என்றது விண்ணப்பம்.
பார்க்க, என்று எழுத அதில் கட்டம் இல்லை.

வீட்டுக்கு வந்த ராத்திரி
முன்கட்டையைக் கழற்றி, நெம்பை ஒதுக்கி,
குழல்களைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் மல்லாத்தினேன்.
பெயர் முதுகில் இருக்கும்,
சோதித்தவன் குத்து அடிவயிற்றில்.
மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கி, கண்ணில் வங்கி லென்ஸ்.
நூறு வருட அழுக்கு
கருப்பட்டிப் பாகாக இளகி வந்தது.

முதலில் ஒரு முட்டை.
முட்டைக்குள் ஈ, எல், ஜி.
மேலே கடுகளவு கிரீடம்.
கிரீடம் என்றால் ராணி, ராணி என்றால் லண்டன் என்று
அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.
அட்டவணையில் அந்த முட்டை பெல்ஜியத்தில் இருந்தது,
லியேஜ் என்ற ஊரில்.
அங்கேயும் ராஜா உண்டாம்.

திருப்பிப் போட்டு முதுகை லென்ஸில் பார்த்தால்
லண்டனில் ஓர் எழுத்தை
வெட்டியவன் விழுங்கியிருக்கிறான்.
குழல் நெடுக ஓடிய பாம்புத்தோல் வரி
நகம் பட்ட இடத்தில் வழிந்துகொண்டு வந்தது.
முறுக்கி அடித்த இரும்பு இல்லை,
முறுக்கியதுபோல் வரைந்த இரும்பு.
கவரிங்.

"எம்புட்டு குடுத்த?" என்று ராபின்சன் கேட்டான்.
பாதியைச் சொன்னேன்.
பாதிக்கே அவன் எழுந்துபோய்ப் படுத்துவிட்டான்.

எல்லா முத்திரைக்கும் ஆள் கிடைத்தது.
நட்சத்திரம் சூடிய எழுத்து பரிசோதகருடையது,
வைரத்துக்குள் பன்னிரண்டு வாயின் அளவு.
ஒன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை:
மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு சாய்கோடு.
ஏழு மாதம் தேடினேன்.
அவனுக்கு மூணுபுள்ளிக்காரன் என்று பெயர் வைத்தேன்.
கோடு சாய்ந்த திசையை வைத்து
இடதுகைக்காரன் என்று முடிவுசெய்தேன்.
ஆற்றங்கரையில் ஒரு பட்டறை கொடுத்தேன்,
இருமல் கொடுத்தேன்.

தேர்தல் வந்தது.
துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும்.
குலசேகரம் ஸ்டேஷன் பெஞ்சில்
எட்டு துப்பாக்கி வரிசையாகப் படுத்திருந்தன,
பன்றி விரட்டுகிறவை, சுவரில் தொங்குகிறவை.
ஒற்றைக்குழல் ஒன்று, நம்மூர்த் தொழிற்சாலைச் சரக்கு,
என்னைவிட இரண்டு வயது இளையது.
அதன் அடிவயிற்றிலும்
மூன்று புள்ளி, ஒரு சாய்கோடு.

"அதுவா?" என்றார் ரைட்டர் விஜயகுமாரி.
"முந்தி இங்க இருந்த ஒரு ரைட்டர்
ஆணி வச்சு அடிச்சது.
கட்டுன சீட்ட எலி தின்னுட்டு,
ஆளுக்காளு துப்பாக்கி மாறிப் போச்சு.
ரெண்டு புள்ளி திற்பரப்பு, மூணு புள்ளி பொன்மனை.
கோடு கிடந்தா திருப்பிக் குடுத்தாச்சு."

சிரித்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை,
பின்னால் இன்னும் நான்கு பேர் நின்றார்கள்.
தயாரிப்பு என்ற கட்டத்துக்கு
முதுகைப் பார்த்து லண்டன் என்று எழுதினார்.
விடுபட்ட எழுத்தையும் அவரே சேர்த்துக்கொண்டார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

உரிமையாளர் கட்டத்தில் டால்பின் என்று இருந்தது.
"டெல்பின், மேடம்" என்றேன்.
அடித்துத் திருத்தினால் செல்லாது என்றார்.
சீட்டைக் குழலில் கட்டி
இரண்டு முடிச்சு போட்டார்.